பெர்னிஸின் வலிக்கு ஒரு சொல்

காசிமிர் வோய்டாஸுக்கும் எனக்கும் அலுவலகத்தில் ஒரே மேஜை. அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்தில் ஆற்றைப் பார்த்த ஓர் அகராதி நிறுவனம். ஒத்த பொருளுள்ள சொற்களைத் திரட்டி, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது எங்கள் வேலை.

"நோவுக்கும் வலிக்கும் நடுவுல ஒரு மயிரிழை இருக்கு. அதைக் காட்டத்தான் நமக்குச் சம்பளம்" என்பார் காசிமிர். அந்த வருடம் வலிச் சொற்கள் அவர் பொறுப்பில் இருந்தன. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே காபி குடிப்பார்.

அவர் மனைவி பெர்னிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அதிகம் பேசமாட்டாள். "என் பெண்டாட்டிகிட்ட பத்து வார்த்தைதான் இருக்கு. அதுலயும் மூணு திட்டறதுக்கு" என்று கேலி செய்வார்.

ஈஸ்டருக்கு மறுநாள் காலை, உணவு மேஜையில் பெர்னிஸ் கோப்பையை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பண்ணுது?" என்றார் காசிமிர்.

"என்னமோ பண்ணுது."

"என்னமோங்கறது ஒரு வார்த்தையா? குத்துதா? பிசையுதா?"

"தெரியல காஸ். யாரோ மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்கு."

"நேத்து ராத்திரி அவ்வளவு சாசேஜ் தின்னியே. எரியுதா?"

"சரி, எரியுது. விடு என்னை."

அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இளம் டாக்டர் ஒருவர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பெர்னிஸ் மூச்சை இழுத்து, "ஏறி உக்காந்த..." என்று ஆரம்பித்தாள்.

"எரிச்சல், டாக்டர்" என்று காசிமிர் முந்திக்கொண்டார். "காலைல அவளே சொன்னா. மாசக்கணக்கா இந்தச் சொல்லுங்களோடதான் குடும்பம் நடத்தறேன். தப்பு வராது."

டாக்டர் சிரித்தார். வயிற்றுக்கு வெள்ளை மருந்து ஒரு புட்டி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் மதியம் பெர்னிஸ் பள்ளிக்கூடத்தில் சூப் அண்டாவுக்குப் பக்கத்தில் விழுந்தாள். அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தபோது காசிமிரால் மேல்கோட்டைப் போட்டுக்கொள்ளக்கூட முடியவில்லை. என் காரில்தான் போனோம். வழியெல்லாம், "அவ சொன்னா. என்கிட்ட சொன்னா" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருதயத்தில் பாதி செத்துவிட்டது என்றார் அங்கிருந்த மூத்த டாக்டர். "ஒருநாள் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

"வந்தோம்" என்றார் காசிமிர்.

சாகாமல் வீடு திரும்பினாள். மாடி ஏற முடியாததால் முன்னறையிலேயே கட்டில் போட்டார்கள். ஒருநாள் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து காசிமிர் அழுதார். அவள் அவரைத் தேற்றவில்லை.

"நான் சரியாத்தான் சொன்னேன் காஸ்" என்றாள். அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அலுவலகத்தில் காசிமிரால் எந்த இரண்டு சொற்களையும் ஒன்றாக வைக்க முடியவில்லை. நான் சேர்த்து வைப்பதையும் பிரித்துப் போட்டார். எங்கள் மேலாளர் ப்ரூடன்ஸ் ஆல்டர் அம்மாள் ஒருநாள் வந்து நின்றாள்.

"காஸ், புத்தகம் அச்சுக்குப் போகணும். ரெண்டையாவது பக்கத்துல வைங்களேன்."

"பக்கத்துல வெச்சா யாராவது மாத்தி எடுத்துடுவாங்க" என்றார்.

கோடையில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சூப் கொண்டுபோயிருந்தேன். நான் கரண்டி எடுக்கச் சமையலறைக்குப் போனபோது பெர்னிஸின் குரல் கேட்டது. "காஸ், வருது."

ஓடி வந்து பார்த்தேன். காசிமிர் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தார். விலாசம் சொல்லிவிட்டார். எந்த மாதிரி வலி என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கிறார்கள்.

"அவகிட்டயே கேளுங்க" என்று ரிசீவரை அவள் வாயருகே கொண்டுபோனார்.

அவளுக்குப் பேச மூச்சு இல்லை. உதடு மட்டும் அசைந்தது. ரிசீவரில் ஒரு பெண் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். காசிமிர் மண்டியிட்டபடி, "சொல்லு பெர்னி, நான் குறுக்க பேசமாட்டேன், நீயே சொல்லு" என்று கெஞ்சினார்.

நான் ரிசீவரைப் பிடுங்கி, இருதயம் என்று சொன்னேன். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவள் உயிர் போய்விட்டது.

புத்தகம் அடுத்த வசந்தத்தில் வெளிவந்தது. வலிச் சொற்களை நான்தான் முடித்துக் கொடுத்தேன். பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு போனபோது அவர் வாங்கவில்லை. இப்போது பக்கத்து ஊரான சிக்கபீயில் தங்கை வீட்டில் இருக்கிறார். சில ஞாயிறுகளில் போய்ச் சீட்டாடுகிறோம். சாப்பாடு எப்படி என்று தங்கை கேட்டால் தட்டைப் பார்த்துத் தலையாட்டுவார். அவளும் அதற்குமேல் கேட்பதில்லை.