வேறு யாருக்குக் கொடுக்கலாம்?

திண்டிவனம் கோதண்டபாணிக்கு வயிற்றெரிச்சல் என்றால், அது மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை. அதற்குப் பெயர் ஜெகதீசன்.

இருவரும் ஒரே வாளியில் பசை கலக்கிக் கட்சிச் சுவரொட்டி ஒட்டியவர்கள். ஜெகதீசன் எம்.பி. ஆகிவிட்டான். கோதண்டபாணி மைக் செட் கடை வைத்தார். அப்புறம் என்ன, இவர் கட்டுகிற மைக்கில் அவன் பேசுவான். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிவிட்டு இவர் மேடையிலிருந்து இறங்க வேண்டும். மாலை மரியாதையோடு அவன் ஏறுவான். கைதட்டல் கேட்கும்போதெல்லாம் ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்று கை துறுதுறுக்கும். பாவி மனுஷன், ஒரு நாளும் பிடுங்கியதில்லை.

இந்தத் தேர்தலுக்கு விழுப்புரம் தொகுதியில் அவனை எதிர்த்துத் தானும் சீட்டுக் கேட்டு விருப்ப மனு போட்டேவிட்டார். மனைவி கிருஷ்ணவேணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஜெயிக்கப் போறியா, அந்தாள கவுக்கப் போறியா?"

"ரெண்டும் ஒண்ணுதான், போ."

நேர்காணலுக்குச் சென்னை போகப் பிடித்த காரில் பூமாலையையும் ஏற்றிக்கொண்டார். பெருமுக்கல்லில் கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போகிற பெண். ஊராட்சி வார்டு உறுப்பினர். மகளிர் அணியிலும் ஒருவர் மனு போட்டதாக இருக்கட்டும் என்று அவள் தலையில் கட்டியிருந்தார்கள். அவளுக்குச் சீட்டா! கோதண்டபாணிக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கட்சி அலுவலகத்தில் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். கடைசியாகத் தலைவர் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டார்.

"உங்களுக்கு இல்லன்னா, மனு போட்டவங்கள்ல வேற யாருக்குக் கொடுக்கலாம்?"

உள்ளதைச் சொன்னால் ஜெகதீசன்தான். தொகுதிக்கு ஓடியாடி உழைத்தவன் என்று கோதண்டபாணியின் மனசுக்குத் தெரியும். பெயர் தொண்டைவரை வந்தது, நாக்கு புரண்டால்தானே! என் வாயால் அவன் பெயரா? செத்தாலும் மாட்டேன். யார் பெயரைச் சொன்னால் ஒரு பிரயோசனமும் இருக்காது என்று யோசித்து, "பூமாலைங்க" என்றார். வெளியே வரும்போது வயிறு குளிர்ந்திருந்தது.

திரும்பும் வழியில் அச்சிறுபாக்கம் அருகே டீக்கு நிறுத்தினார்கள். மாவட்டச் செயலாளரிடமிருந்து போன் வந்தது.

"இன்னாய்யா, பேசி வெச்சிக்கினு வந்தீங்களா? ஜெகதீசன்லருந்து அத்தினி பேரும் பூமாலைன்னே சொல்லியிருக்கீங்க! இவ்ளோ ஒத்துமையான தொகுதிய பாத்ததே இல்லன்னு தலைவருக்கு ஒரே சந்தோசம். சீட்டு அந்தம்மாவுக்குத்தான்."

ஜெகதீசனுமா! எம்.பி.யாக இருக்கிறவனுக்கு என்மேல் பொறாமையா? அந்த இடியிலும் ஒரு நொடி கோதண்டபாணிக்கு இனித்தது. பிறகுதான் கேட்டார்.

"எம் பேர ஒருத்தருமே சொல்லலையா?"

"பூமாலை மட்டும் சொல்லிச்சுய்யா."

விஷயத்தைச் சொன்னதும் பூமாலை டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

"நீங்களும் எம் பேரத்தான் சொன்னீங்களாண்ணே? எங்கூட்டுக்காரரே உனக்கெதுக்கு இந்த பேஜாருன்னு கேட்டாரு. நீங்க எம்மேல இவ்ளோ நம்பிக்கை வெச்சிக்கினு, வழியெல்லாம் ஒரு வார்த்த சொல்லாம வந்திருக்கீங்களே!"

கோதண்டபாணிக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீ ஏம்மா எம் பேர சொன்ன?"

"எத்தினி வருசமா மத்தவங்க பேசறதுக்கே மைக்கு கட்டிக்கினு இருக்கீங்க. ஒரு தபா நீங்க பேசினா இன்னா பேசுவீங்கன்னு கேக்கணும்னு ஆசண்ணே." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "மொத கூட்டம் நம்ம திண்டிவனத்துலதான். மைக்கு நீங்கதான் கட்டணும்."

"கட்டறேம்மா" என்றார்.

கார் கிளம்பியது. வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது. இந்தத் தடவை திட்டுவதற்கு ஜெகதீசன் கிடைக்கவில்லை.