எழுத்து ஓடாத படம்

ஹாலிஎல ஸ்டேஷன் வாசலில், தான் ஓட்டும் ஓட்டோவிலிருந்து அரிசி மூட்டையை இறக்கிக் கொடுத்தாலும் சரி, தெரிந்தவருக்கு ஒரு வெற்றிலையை நீட்டினாலும் சரி, யேசுரத்தினம் இரண்டு கையாலும்தான் கொடுப்பார். கொடுத்த கையோடு தலையும் ஒரு சாண் குனியும். வாங்குவதும் அப்படியே. ஒரு கட்டுக் கறிவேப்பிலையைக்கூடப் பூசையில் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்குகிற பக்தியோடு வாங்குவார். "அங்கெல்லாம் இப்பிடித்தாங்க. ஒத்தக் கையால நீட்டுனா மரியாத தெரியாதவன்னு நெனச்சிக்குவானுங்க" என்பார்.

அங்கே என்றால் கொரியா. பிளாஸ்டிக் வாளி செய்கிற பெக்டரியில் பத்து வருஷம் நின்றுவிட்டு வந்தவர். வந்தும் இரண்டு வருஷமாகிறது, குனிவதுதான் இன்னும் நின்றபாடில்லை. தேயிலைத் தோட்டத்து நாய் குறுக்கே வந்தாலும் பிரேக் போட்டுவிட்டுத் தலையை ஆட்டுகிறார் என்று லயத்துப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

கொரியன் பாஷையில் அவர் பெரிய புலி என்பது ஊரின் நம்பிக்கை. உள்ளதைச் சொன்னால் சுருக்கா, தூக்கு, வை, சோறு, நாளைக்கு வா என்று பெக்டரியில் புழங்கிய பத்துப் பதினைந்து சொற்கள்தாம் கைவசம். அந்தச் சொற்ப மூலதனத்தை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தன் லயத்துக் காம்பரா வீட்டில் கொரியன் படம் போட்டு, அக்கம்பக்கத்தாருக்கு வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். என்ன துணிச்சல்!

இதெல்லாம் வெளியாரிடம் மட்டும். சொந்த மகள் அனுஷ்காவிடம் எடுபடாது. அவர் விமானம் ஏறியபோது அவளுக்கு ஐந்து வயது. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அங்கிருந்து ஒரு சோடி சப்பாத்து வரும். விட்டுவிட்டுப் போன பிஞ்சுக் காலை நினைத்துக்கொண்டே வாங்கி அனுப்பினால் எப்படி ஏறும்? பத்துச் சோடியில் ஒன்றுகூட அவள் காலில் ஏறவில்லை. எல்லாம் பெட்டியோடு அலுமாரி மேலே கிடக்கின்றன.

இப்போது பதினேழு வயதாகிவிட்ட அனுஷ்கா, தகப்பனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தால் கையில் கொடுக்கமாட்டாள். பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, "சோறு போடவான்னு கேளுங்கம்மா" என்பாள். அம்மா செசிலிக்கு இரண்டு வருஷமாக நடுவில் நின்று தபால்காரி வேலை. ஊருக்கெல்லாம் இரண்டு கையால் கொடுத்து வாங்குகிற மனுஷனுக்கு மகள் கையால் ஒரு கோப்பை வாங்கக் கொடுத்துவைக்கவில்லை. அவருக்கு அது பெரிய வேதனை. "சின்னப்புள்ள, சரியாயிரும்" என்று செசிலியிடம் சொல்வார். அதையும் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. போனில் கொரியன் நாடகம் பார்த்துப் பார்த்து அனுஷ்காவுக்கு அந்தப் பாஷை நன்றாகவே விளங்கும். அப்பா விடுவது அத்தனையும் சரடு என்று தெரியும். இதுவரை ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை.

போன ஞாயிறு ஒரு புதுப் படம். அங்கே கூட வேலை செய்த கஜேந்திரன் அனுப்பியது. கீழே இங்கிலிஷ் எழுத்துகூட ஓடவில்லையே என்று அடுத்த காம்பராப் பெரியவர் நல்லையா குறைப்பட்டார்.

"எழுத்து எதுக்குங்க மாமா? நான் என்னத்துக்கு இருக்கேன்?"

யுத்தப் படம். ஊரே ஓடுகிறது. லொறியில் இடம் போதவில்லை. மனைவியையும் சின்ன மகளையும் ஏற்றிவிட்டு, ஒரு தகப்பன் கீழே நின்றுவிடுகிறான். பிறகு பிடிபட்டுச் சிறைக்குப் போகிறான். பட்டாளத்து அதிகாரி ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான்.

"இன்னைக்கு ஓவர்டைம் இல்லைங்கிறான்" என்றார் யேசுரத்தினம்.

"சண்டையிலயுமா?" என்று நல்லையா வாயைப் பிளந்தார்.

"கொரியாவுல எல்லாத்துலயும் இருக்குங்க."

வருஷங்கள் ஓடிவிட்டன. தலை நரைத்த தகப்பன் வீடு தேடி வந்து வாசலில் நிற்கிறான். வளர்ந்துவிட்ட மகள் கதவைப் பிடித்தபடி, வழியும் விடாமல், அவனிடம் ஏதோ கேட்கிறாள்.

"என்னா கேக்குது அந்தப் புள்ள?"

பத்துச் சொல்லை வைத்துப் பத்துப் படம் ஓட்டிய மனுஷனுக்கு வாய் அடைத்துப்போயிற்று. நல்லையா திரும்பவும் கேட்டார். அடுப்படி வாசலில் நின்ற அனுஷ்காதான் பதில் சொன்னாள்.

"வருஷா வருஷம் சப்பாத்து அனுப்புனீங்களே, நான் வளரவே மாட்டேன்னு நெனச்சீங்களான்னு கேக்குறா."

செசிலி அலுமாரி மேலே ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். படத்தில் தகப்பன் மெல்ல ஏதோ சொன்னான். எல்லோரும் யேசுரத்தினத்தைப் பார்த்தார்கள்.

"கிட்ட இருந்தாத்தானே அளவு தெரியும்..." என்றார் யேசுரத்தினம். "விட்டுட்டுப் போன காலுதான் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. தப்பு என்னுதுதான்னு சொல்றான்."

நல்லையாவுக்குக் கணக்கு இடித்தது. "ஜெயில்ல கெடந்தவன் எப்பிடிய்யா சப்பாத்து அனுப்புனான்?"

"நீங்க படத்தப் பாருங்க மாமா" என்றாள் செசிலி.

படம் முடிந்து எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனார்கள். யேசுரத்தினம் மட்டும் வெறும் திரையைப் பார்த்தபடி கதிரையிலேயே இருந்தார். அனுஷ்கா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள். வழக்கம்போல ஸ்டூல் பக்கம் குனிந்தாள். வைக்கவில்லை. நிமிர்ந்து, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் நீட்டினாள். அவள் தலையும் ஒரு சாண் குனிந்தது.

யேசுரத்தினம் அவசரமாக எழுந்து நின்று, இரண்டு கையையும் இடுப்புச் சாரத்தில் நன்றாகத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.