திறப்பை உள்ளே வைத்துப் பூட்டினேன்

நாங்கள் குடியேறிய லோறென்ஸ்கூக் நகரில், எங்கள் வீட்டுக் கணினிக்கு நானே புது மதர்போர்ட் மாற்றினேன். பிறகு விண்டோஸ் தொடங்கவில்லை. திருத்தலாமென்று விண்டோஸ் சீடியைப் போட்டால், ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்றது. இருந்தது ஒரே டிஸ்க். மகளின் குழந்தைப் படங்கள் முழுக்க அதில்தான். அழுகை வந்துவிட்டது.

வேலைத்தோழி வசந்திக்குப் போன் செய்தேன்.

"டிஸ்க் சாகேல்லை அக்கா. புதுப் போர்டின்ரை டிரைவர் மென்பொருளைச் சீடிக்குக் குடுத்தால்தான் அது தெரியும். அதை இணையத்திலை இருந்து இறக்கி வைச்சனீங்களோ?"

"ஓம், போர்டு மாத்த முதலே இறக்கினனான். அந்த டிஸ்க்கிலைதான் கிடக்கு."

"திறப்பை உள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டு நிக்கிறியள்!"

அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அன்று மாலையே டிரைவரை ஒரு பிளாப்பி வட்டில் ஏற்றி, பஸ் பிடித்து வந்தாள். சீடி தொடங்கும்போதே F6 அழுத்தி அதைக் கொடுத்தோம். டிஸ்க் தெரிந்தது. விண்டோஸைத் திருத்தியதும், படத்தில் மகள் பல்லில்லாமல் சிரித்தாள்.

இப்போது படங்களுக்குச் சீடியில் பிரதி உண்டு. அந்தப் பிளாப்பி, வாசலில் வீட்டுத் திறப்புக் கொத்தைப் போடும் கிண்ணத்திலேயே கிடக்கிறது.