பெரியப்பா வேண்டாமென்ற மருந்து

பெரியப்பா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு சிவப்பு சோப்பு டப்பா. சானடோரியம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பது அவர் வேலை. பக்கத்துக் காசநோய் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அவர் ஜன்னலில்தான் சில்லறையை நீட்டுவார்கள். கூட்டம் ஓய்ந்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கை கழுவப் போய்விடுவார். வீட்டிலும் குளித்த பிறகுதான் எங்களைத் தொடுவார். இவ்வளவு சுத்தம் பார்த்த மனிதர் சிகரெட்டை மட்டும் விடவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. வலியில்லாததால் உடம்புச் சூடு என்று இளநீரும் வெந்தயமுமாகச் சில மாதங்கள் போயின. பிறகுதான் சிறுநீர்ப்பையில் கட்டி என்று தெரிந்து, குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். புற்றுநோய். நான்தான் கூடப் போயிருந்தேன். கட்டி உள்தோலோடு நிற்கிறது, தசைக்குள் இறங்கவில்லை, அதனால் ஆரம்ப நிலை என்றார் டாக்டர். சாதுவான ரகமென்றால் எடுத்துவிட்டு அவ்வப்போது பார்த்தாலே போதுமாம். இது வேகமான ரகம்; திரும்ப வந்து ஆழமாக இறங்கக்கூடியது. அதனால் வாராவாரம் பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் விட வேண்டும் என்றார்.

"கொழந்தைக்குக் கையில போடறாங்களே, அந்த டி.பி. ஊசியா?" என்றார் பெரியப்பா.

"அதேதான் சார். வீரியம் குறைச்ச கிருமி. அதைப் பார்த்து உடம்பு முழிச்சிக்கிட்டு கேன்சரையும் சேர்த்து அடிக்கும்."

பெரியப்பா எழுந்துவிட்டார். "இத்தினி வருஷமா அந்தக் கிருமி கிட்ட வராம பாத்துகினேன். இப்ப நானே உள்ள வுட்டுக்கணுமா?"

பெரியம்மா அழுதும் அவர் மசியவில்லை. டாக்டர் சொன்னதில் ஆரம்ப நிலை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, பரிசோதனைக்கும் டிமிக்கி கொடுத்தார். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, கூடவே அழுகையும்.

மறுவருஷம் ரத்தம் திரும்ப வந்தபோது நோய் தசைக்குள் இறங்கியிருந்தது. சிறுநீர்ப்பையையே எடுத்தார்கள். அப்புறமும் நுரையீரலுக்குப் பரவி, ஓயாத இருமலாகிவிட்டது.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போக, அவர் வேலை பார்த்த ஸ்டேஷனிலேயே ரயிலுக்காக உட்கார்ந்திருந்தோம். எலும்பும் தோலுமாக அவர் இருமுவதைப் பார்த்து, அதே பெஞ்சில் இருந்த பெண் முந்தானையால் தன் குழந்தையின் மூக்கைப் பொத்தினாள். எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு டி.பி. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியப்பா என் கையை அழுத்தினார்.

"வுடும்மா. கொழந்த வெச்சிகினு கீது. பயமா இருக்காதா?"

மெல்ல எழுந்து, பெஞ்சின் மறுகோடிக்குப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.