கன்றை அடைத்துவிட்டுப் போன நாள்

வடிவம்மாவுக்கு இது என்னுடையது என்று சொல்ல வாய்த்த முதல் சீவன் வெள்ளச்சிப் பசுதான். மலைநாட்டுத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்து, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவள். மாடு கன்றைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மனுஷி அதைப் பெற்ற பிள்ளையாகத்தான் பார்த்தாள். கணவன் மாயாண்டிக்கே அதற்குப் பிறகுதான் சோறு.

வன்னியில் மாட்டுக்குப் பின்னால் ஆள் போவதில்லை. காலையில் பால் கறந்ததும் தாயைக் காட்டுக்கு விட்டு, கன்றை அடைப்புக்குள் தள்ளிப் படலைக் கதவைக் கட்டிவிடுவார்கள். கன்று வீட்டில் நின்றால் தாய் பொழுதுபடத் தானாக வந்து படலையடியில் நிற்கும். படலை திறந்து கிடந்தாலோ, கன்று முழுப் பாலையும் குடித்துவிடும். செம்புக்கு ஒன்றும் மிஞ்சாது. பக்கத்து வளவு நேசமலர்தான் இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சியை நோக்கி ஆமிப் படை இறங்கியபோது ஊரே சட்டிபானையோடு ஸ்கந்தபுரத்துக்கு வெளிக்கிட்டது. வெள்ளச்சி அப்போது காட்டில்.

“அக்கா, கண்டைத் திறந்துவிட்டிட்டு வாங்கோ!” நேசமலர் வேலிக்கு அங்கால் நின்று கத்தினாள்.

“திறந்துவிட்டா அதுவும் காட்டுக்குள்ள ஓடிரும், தாயும் வீடு திரும்பாது. பொழுதுக்குள்ள வந்துருவோம்ல!”

வாளியில் தண்ணீர் வைத்தாள். கன்றின் நெற்றியைத் தடவினாள். படலைக் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். பாழாய்ப்போன கவனம்! பாலைத் தவிர வேறொன்றும் தெரியாத பச்சைக் கன்று அது.

பொழுதுபட்டது. ஊருக்குத் திரும்ப வழியில்லை, ஷெல் விழுந்துகொண்டேயிருந்தது. மாயாண்டியின் கையை உதறிவிட்டு றோட்டுக்கு ஓடியவளை அங்கே நின்ற சனங்கள் மறித்தார்கள்.

“ஒரே ஓட்டமா ஓடிப்போய் படலையைத் திறந்துட்டு வந்துர்றேங்க.”

“ஒரு கண்டுக்காகச் சாகப் போறியளோ அம்மா?”

அவள் அழுதும் பார்த்தாள், ஏசியும் பார்த்தாள். ஒருவரும் விடவில்லை. அன்று அவள் தொண்டையில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

நேசமலரின் புருஷன் சிற்றம்பலம் பின்தங்கி, தன் வளவுப் பங்கர்க் குழிக்குள் கிடந்துவிட்டு, நாலாம் நாள்தான் வந்துசேர்ந்தான். மனைவி அவனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்கும்போதே வடிவம்மா இடையில் புகுந்தாள்.

“தம்பி, வெள்ளச்சி வந்துச்சா?”

“வந்தது அக்கா. ஷெல்லுக்கும் அசையேல்லை. அடைப்படியிலேயே நிண்டது. மடி கட்டி, பால் தானாச் சிந்திக்கொண்டிருந்தது. நான் வெளிக்கிடேக்கையும் கத்திக் கேட்டது.”

“கன்னு?”

“முதல் ரெண்டு நாளும் கத்தினது அக்கா, பிறகு சத்தமில்லை. ஊர்ந்து போய்த் திறப்பமெண்டு பாத்தனான். ஏலாமப் போச்சு.”



“பக்கத்துலயே பால் நின்னுச்சே, எட்ட முடியாமக் கட்டிப்போட்டுட்டு வந்துட்டேனே!” தலையில் அடித்துக்கொண்டு புழுதியில் உட்கார்ந்தாள். “வெள்ளச்சி ஓடித் தப்பியிருக்கும்யா. போகவிடாம நிக்க வச்சதும் நான்தான்யா.”