இண்டூரில் கிளட்ச் மாற்றப் போனேன்

இன்று இண்டூரில் ஒரு வீட்டு வாஷிங் மெஷின். துவைக்கிறது, ஆனால் பிழியும்போது டப் சுற்றவில்லை.

டூல்ஸ் பையோடு நின்ற என்னைப் பார்த்து வீட்டுக்காரர், "மெக்கானிக் வரலீங்களா?" என்றார்.

"நாந்தாங்க மெக்கானிக். கியர்பாக்ஸைக் கழட்டிப் பாக்கணுங்க."

"கியர்பாக்ஸெல்லாம் பொம்பளைங்க கழட்ட முடியாதுங்க. ஆம்பளை யாரையாச்சும் அனுப்புங்க."

சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் மனைவி, "நீங்க கழட்டுங்கக்கா" என்றார்.

இருவருமாக மெஷினைப் படுக்கவைத்தோம். பிழியும்போது டப்பைச் சுற்றவைக்கும் கிளட்சின் ஸ்பிரிங் உடைந்திருந்தது. கியர்பாக்ஸை இறக்கி, புது கிளட்ச் போட்டு மாட்டினேன்.

திரும்பி வந்தவர் டப் சுற்றுவதைப் பார்த்து, "உங்க வூட்டுக்காரர் வந்து மாட்டிக் குடுத்தாருங்களா?" என்றார்.

"அவரு வூட்ல துணி காயப்போடுறாருங்க" என்றேன்.

அவர் மனைவி சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே ஓடிவிட்டார்.

நீங்களாயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?