கலைமணி தட்டிய சுவர்

கலைமணிக்குக் கையும் வாயும் சும்மா இருக்காது. ஒரகடத்தில் கார் சீட் கவர் தைக்கும் கம்பெனியில் வேலை. மெஷின் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகியவள், வீட்டிலும் அதே குரலில்தான் உப்பு போதுமா என்று கேட்பாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவள் நடத்தும் குடித்தனம் முழுக்க என் காதில் விழும். எத்தனையோ முறை சுவரைத் தட்டி, "மெதுவா பேசுடி" என்று திட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு அவள் என் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். மகள் கனிஷ்காவுக்கு அம்மை. கலைமணிக்கோ ஐந்தாம் மாதம் முடியப்போகிறது. படப்பை டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி: "சின்ன வயசுல உனக்கு அம்மை வந்திருக்கா?" வந்திருந்தால் பயமில்லை. வந்திராவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. இவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய தாயும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் சாயங்காலம் ரிசல்ட் வரும், அதுவரை குழந்தை பக்கமே போகாதே என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்பா கன்னியப்பனுக்கு ஃபோன் போட்டாள்.

"வூட்டுக்கு அம்மா வந்தா வாசல்ல வேப்பிலை சொருவுவோம். புள்ளைங்க உங்க மூணு பேர்ல யார் மேல எறங்குனான்னு இப்ப கேட்டா எனக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார் மனுஷன்.

நல்ல அப்பன்! ஃபோனைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்டிருப்பேன். கலைமணியின் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டேன்.

எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்துபோயிற்று. மூக்கிலிருக்கும் தழும்பே சாட்சி. அதனால் நான்தான் இரண்டு வீட்டுக்கும் நடந்தேன். கனிஷ்காவுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். அரிப்பு தாங்காமல் பாயில் புரண்டாள். அவள் நகத்தை ஒட்ட வெட்டினேன். ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, டாக்டர் கொடுத்த ரோஸ் நிற லோஷனைத் தடவு என்று அவள் அப்பன் ரகுவிடம் சொன்னேன். அவன் கார் கம்பெனியில் கதவுத் தகட்டை உள்ளங்கையால் தடவிப் பள்ளம் கண்டுபிடிக்கிறவன். கண்ணுக்குத் தெரியாததும் அவன் கைக்குத் தெரியுமாம். சொந்த மகளைத் தொடத்தான் அந்தக் கைக்குத் தெரியவில்லை.

நான் இந்தப் பக்கம் வந்த சற்று நேரத்தில் குழந்தை வீலென்று அலறினாள்.

"யோவ், தேய்க்காதய்யா! ஒத்தி ஒத்தி எடு!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள் கலைமணி.

தாயின் குரல் கேட்டதும் அழுகை இன்னும் கூடியது. "அம்மா, நீ வா... அரிக்குது... வாம்மா..."

"அக்கா, ஓடியாங்க! கண்ணு ஓரத்துக் கொப்புளத்த பிச்சிக்கினா இன்னா பண்றது?" என்று ரகு அலறினான்.

கலைமணி எழுந்துவிட்டாள். நான் வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன்.

"வழி வுடுக்கா. என் புள்ளக்கா அது!"

"வயித்துல கீறது மட்டும் பக்கத்து வூட்டுக்காரி புள்ளயா? ஒக்காருடி!"

என்னை அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் திரும்பிப் போய்ச் சுவரில் ஓங்கிக் குத்தினாள். "கண்ணுல கை வைக்காதடா தங்கம்!" மறுபடி குத்தினாள்.

அந்தப் பக்கம் அழுகை ஒரு கணம் நின்றது.

ரகு ஒன்றும் மக்கு இல்லை. கம்பெனிப் பையிலிருந்து புதிய வெள்ளைக் காட்டன் கையுறையை எடுத்து மகளின் கைகளில் மாட்டி, கழலாமல் நூலால் கட்டினானாம். அவன் பேசியது எங்களுக்குக் கேட்டது. "அம்மா எங்க தட்டுறாங்கன்னு கைய வச்சிக் கண்டுபுடி பாக்கலாம். சொல்லுங்க மேடம், பள்ளம் எங்க கீது?"

"இங்க!"

கலைமணி மேலே தட்டினாள், கீழே தட்டினாள், அலமாரி ஓரம் போய்த் தட்டினாள். இரண்டு கையும் சுவரைத் தேடும்போது குழந்தைக்குக் கண் ஓரத்துக் கொப்புளம் மறந்துபோயிற்று. தட்டுவது நின்றால் அழுகை வந்துவிடும். இவள் விரல் முட்டியெல்லாம் சிவந்ததைப் பார்த்து நான் தட்டினேன்.

"இது அம்மா இல்ல! செல்வலட்சுமி பெரிம்மா! ராங்கு!"

கழுதைக்கு எப்படித்தான் தெரிந்ததோ! அன்றும் மறுநாளும் குழந்தை தூங்கிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் கலைமணியே தட்டினாள். இன்னொரு கை வயிற்றின்மேலேயே இருந்தது. "ஒண்ணும் ஆவாதுல்லக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆவாதுடி, ஆவாதுடி என்று சொன்னேனே தவிர, எனக்கும் பயம்தான்.

சாயங்காலம் ஃபோன் வந்தது. "உனக்கு எப்பவோ வந்து போயிருக்கும்மா, பயப்படாதே" என்றார் டாக்டரம்மா. ஃபோனை என் வீட்டிலேயே போட்டுவிட்டு ஓடினாள். "மெதுவா போடி, வயித்துப் புள்ளக்காரி!" என்று திட்டிக்கொண்டே நானும் பின்னால் போனேன்.

கனிஷ்கா அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டாள். கையுறை போட்ட கையால் அவள் முகத்தைத் தடவினாள், கழுத்தைத் தடவினாள். வயிற்றுக்கு வந்ததும் கை நின்றது.

"அம்மா, நீ தட்டுனியா?"

"இல்லடா."

குழந்தை தன் அப்பனைப் போலவே உள்ளங்கையைப் பதித்து வைத்துப் பார்த்தாள்.

"இங்கதாம்மா. உள்ள யாரோ தட்டுறாங்க."

கலைமணி தன் கையையும் அந்தக் குட்டிக் கையுறைமேல் வைத்து அழுத்திக்கொண்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்து, சுவரோரம் உட்கார்ந்து அழுதேன்.